அழ விடக்கூடாத குழந்தை

இருபதாவது வார ஸ்கேனில் மகளின் இதயம் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அதன் பக்கத்திலேயே இரைப்பை. நெஞ்சுக்குள் இரைப்பைக்கு என்ன வேலை? மருத்துவர் தாளில் ஒரு கோடு இழுத்து, நடுவில் இடைவெளி விட்டுக் காட்டினார். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இடப்பக்கம் மூடவில்லை. மூச்சை இழுப்பதே அந்தத் தசைதான். ஏறத்தாழ 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறதாம், பெரும்பாலும் இடப்பக்கம். குடல் மேலேறிக்கொண்டால் நுரையீரல் வளர இடமிருக்காது.

கிரகணத்தன்று வெளியே போனாயா என்று மாமியார் கேட்டார். உதரவிதானம் முதல் மூன்று மாதத்திற்குள் மூடவேண்டியது; நான் கர்ப்பம் என்று ஊருக்குச் சொல்வதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

“பிறந்ததும் அழ விடமாட்டோம்” என்றார் மருத்துவர். அழுதால் காற்றை விழுங்குவாள். குடல் உப்பி நுரையீரலை நசுக்கும். முகமூடி வைத்துக் காற்றடிப்பதையும் இதனால்தான் தவிர்க்கிறார்கள். பிறந்த கையோடு மூச்சுக்குழாயில் ஒரு குழாய், இரைப்பைக் காற்றை உறிஞ்ச இன்னொன்று. பிரசவ அறையில் என் விசும்பல் மட்டுமே கேட்டது.

ஓட்டையை உடனே தைத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிக் கிடந்தது. அது இறங்காமல் கத்தி வைக்க முடியாது. அந்தக் குழாய்களைத் தளர்த்த நைட்ரிக் ஆக்சைடு வாயு கொடுத்துக் காத்திருந்தார்கள். ஆறாம் நாள் அறுவை சிகிச்சை. தசை போதாமல் செயற்கைத் துண்டு வைத்துத் தைத்தார்கள்.

சிங்கப்பூரில் 42 நாளுக்குள் பிறப்பைப் பதியவேண்டும், கணவர் பார்த்துக்கொண்டார். குடிமகளாகப் பிறந்ததால் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி முதல் நாளிலிருந்தே உண்டு, பிறவிக் குறைபாட்டுக்கும். என் வேலை பால் கறப்பதுதான். மாமியார் தேக்கா சந்தையில் பால் சுறா வாங்கிவந்து புட்டு செய்து தந்தார். கிரகணத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

பதினைந்தாம் நாள் மூச்சுக்குழாயில் வைத்திருந்த குழாயை எடுத்தார்கள். முகம் கோணி, வாய் திறந்து அழுதாள், ஓசையே இல்லை. குழாய் உரசித் தொண்டை கட்டியிருக்கிறது என்றார் தாதி. மறுநாள் பூனைக்குட்டி போல ஒரு கீச்சு.

வீடு திரும்பியது எளிதாக இல்லை. புட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள், குடித்ததெல்லாம் எதுக்களித்தது. மூக்கில் உணவுக் குழாயோடு இரண்டு மாதம் ஓட்டினோம்.

போன வாரம் மின்தூக்கியில் பக்கத்து வீட்டு மலாய் அம்மாள், “ராத்திரி முழுக்க அழுதாளே” என்றார். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.