எந்தப் பி?

விமானி உரிமத்துக்குப் படிக்கிறவர்களுக்கு ஆர்.டி.ஆர். என்றாலே வயிற்றைக் கலக்கும். விமானத்திலிருந்து ரேடியோவில் பேசும் உரிமத்துக்கான தேர்வு அது. என் பயம் ஒரே எழுத்தில் வந்து நின்றது: பி. விமானப் பதிவெண்களைத் தமிழில் குறித்துக்கொள்வேன். பிறகு பார்த்தால் அது B என்கிற பிராவோவா P என்கிற பாப்பாவா, பக்கத்திலிருக்கும் டி D என்கிற டெல்டாவா T என்கிற டாங்கோவா, எனக்கே தெரியாது.

1956 மார்ச் 1 முதல் உலகம் முழுக்க விமானிகள் ஆங்கில எழுத்துக்கு ஒன்றாகச் சொல்லும் அந்த 26 சொற்களையும் அம்மாதான் தினமும் ஒப்பிக்க வைத்தார். தெருவில் போகும் வண்டி எண்ணையெல்லாம் 'டாங்கோ நவம்பர்' என்று தொடங்கிப் படிப்பேன். ஒன்பது 'நைனர்', ஐந்து 'ஃபைஃப்'. இரைச்சலில் இவை இரண்டும் ஒன்றுபோலக் கேட்டுவிடக் கூடாது.

மாதிரித் தேர்வில் பயிற்சியாளர் திசையும் உயரமும் தந்து, "ஹெடிங் 090, 3000 அடிக்கு இறங்கு" என்றார்.

"ராஜர்."

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார். "கேட்டுச்சுன்னு சொல்ற. என்ன கேட்டுச்சு? அதைத் திரும்பச் சொல்லு."

அன்றைக்குத்தான் 1989இல் கோலாலம்பூர் அருகே நடந்ததைச் சொன்னார். 2400 அடிக்கு இறங்கச் சொல்லி 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார் கட்டுப்பாட்டாளர். முதல் 'டூ' விமானிகளுக்கு இரண்டு என்ற எண்ணாகவே கேட்கவில்லை; 'க்கு' என்று பொருள்படும் ஆங்கில 'டு'வாகக் கேட்டது. '400க்கு' என்று எடுத்துக்கொண்டார்கள். "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று திரும்பவும் சொன்னார்கள். யாரும் திருத்தவில்லை. சரக்கு விமானம் மலையில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். திரும்பச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். அதை மறுமுனையில் ஒருவர் கவனித்துக் கேட்கவும் வேண்டும். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தேர்வு சென்னையில். பயணப்பாதைத் தாளைக் கொடுத்தார்கள்; தேர்வாளரே கட்டுப்பாட்டாளராகப் பேசினார். உயரமானியைச் சரிசெய்யத் தரும் கியூ.என்.எச். என்ற காற்றழுத்த எண்ணின் கடைசி இலக்கம் நைனரா ஃபைஃபா, பிடிபடவில்லை. மறுபடி கேட்டால் மதிப்பெண் போய்விடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் ஊகித்துச் சொல்ல மனம் வரவில்லை. "சே அகெய்ன் கியூ.என்.எச்." என்றேன். முகம் சுளிக்காமல் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நைனர்தான். ஓடுபாதை, உயரம், அழுத்தம், ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் ஸ்குவாக் எண் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சொன்னேன்.

தேறிவிட்டேன். மதுரைக்கு ரயில் ஏறியதும் அம்மாவிடம் பேசினேன். பெட்டி எது என்று கேட்டார்.

"பி 4."

"பிராவோ ஃபோரா, டெல்டா ஃபோரா? ஒழுங்கா சொல்லுடா."



"பிராவோ ஃபோர்மா."