சித்தப்பாவுக்கு வந்த சலான்

நேத்து சித்தப்பா போனுக்கு ஒரு இ-சலான், ஹெல்மெட் போடலயாம், 1000 ரூபா. மனுஷன் அன்னிக்கு பூரா நாத்தங்கால்ல நின்னாரு, ஓட்டுறது பழைய எக்ஸ்எல், போட்டோவுல எவனோ புல்லட்டுல போறான், நம்பர் ப்ளேட்ல சேறு அப்பி 8 பாதி மறைஞ்சு கெடக்கு, கேமரா அத 3ன்னு படிச்சு இவரு தலையில கட்டிருச்சு.

சலான் போகட்டும், எழுதிக் குடுத்தா கேன்சல் ஆயிரும். எனக்கு உறுத்துறது வேற. இந்த மாதிரி கேமரா தப்பு பண்ணவன மட்டுமா படிக்குது, போற வர்ற எல்லா வண்டி நம்பரையும்தான், எத்தன மணிக்கு கொள்ளிடம் பாலம் தாண்டுனோம், வாராவாரம் கும்பகோணத்துக்கு எதுக்கு போறோம், எல்லாத்தையும் கோத்துப் பாத்தா நம்ம பொழப்பே வெளிய வந்துரும் (வீட்டுக்குத் தெரியாம சீட்டாடப் போறவன் ஜாக்கிரத). அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல போலீஸ் தேடுற வண்டியா இல்லன்னா படிச்ச நம்பர 3 நிமிஷத்துல அழிச்சிரணும்னு சட்டமே இருக்கு. இங்க 2017ல சுப்ரீம் கோர்ட்டுல 9 நீதிபதிங்க அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க, ஆனா நம்ம தகவலக் காப்பாத்தன்னு 2023ல வந்த டேட்டா சட்டத்துல பிரிவு 17 படி, மத்திய அரசு நெனச்சா பொது ஒழுங்குன்னு சொல்லி அரசு அமைப்புக்கு அந்தச் சட்டத்துல இருந்தே விலக்கு குடுக்கலாம்.

சித்தப்பா கேக்குறாரு, "ஏண்டா தம்பி, நான் வயல்ல இருந்ததுக்கு யாருடா சாட்சி, கொக்கா?"