நான்கு ஓட்டை விழுந்த மார்க் ஷீட்

போன வாரம் சேர்ந்துவிட்டேன். டி.ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமோ, சுருக்கமாக ஜி.என்.எம்.), அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளி, மூன்று வருடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வருவதைப் படிக்கிறவர்கள் இந்தப் பெண் எங்கே சேரப்போகிறாள் என்று பாதியிலேயே போய்விடுவார்கள்.

தர்மபுரியில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் மூன்றரை வருடம் 'சிஸ்டர்' ஆக இருந்தேன். படித்தது பிளஸ் டூ, பயாலஜி குரூப், 600-க்கு 431. சேர்ந்த அன்றே யூனிஃபார்ம் கொடுத்தார்கள். கூட இருந்த அக்கா வென்ஃப்ளான், அதாவது டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகுகிற ஊசிக்குழாய், போடச் சொல்லிக்கொடுத்தார். ஆறே மாதத்தில் கைக்குழந்தைக்குக்கூட முதல் குத்திலேயே வெயின் எடுப்பேன். சம்பளம் 8,500. எங்கள் பக்கம் இப்படி எத்தனை சிஸ்டர்கள் இருக்கிறார்கள் என்று உள்ளே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வேலையை விடலாமா என்ற யோசனை வந்தது ஒரு நைட் டூட்டியில். காலில் கம்பி குத்திய மேஸ்திரி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் மாடியில் இருந்தார், போனிலேயே ஆன்டிபயாடிக் ஊசி சொன்னார். நூறு பேருக்குப் போட்ட ஊசிதான், போட்டேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது, கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார். அப்புறம் உதடு வீங்கியது. "சிஸ்டர், மூச்சு வாங்குது" என்றார். நான் கையில் காலி சிரிஞ்சோடு நின்றுகொண்டிருந்தேன். அடுத்து எந்த மருந்தை எடுக்க வேண்டும், எவ்வளவு போட வேண்டும், ஒன்றும் தெரியாது. டாக்டர் லுங்கியோடு ஓடிவந்து அட்ரினலின் போட்டார், பிழைத்துக்கொண்டார். காலையில் அவர் மனைவி ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்து, "நீதான் கண்ணு காப்பாத்துன" என்றார். அந்தப் பையை வீடு வரைக்கும் கொண்டுபோக முடியவில்லை, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பாட்டிக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் அங்கேதான் இருந்தேன். காரணம் கணக்கு. மூன்று வருடம் சம்பளம் இல்லையென்றால் 3,06,000 ரூபாய் போச்சு. வீட்டுக்கு மாதம் 5,000 கொடுத்துக்கொண்டிருந்தேன், ஏலச்சீட்டு 2,000. அம்மாவுக்கு நூறு நாள் வேலையும் இரண்டு மாட்டுப் பாலும். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, முதுகு போய் இப்போது வீட்டில். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022-லிருந்து தருகிற புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும் எனக்கு இல்லை, ஆறும் ஏழும் நான் பெங்களூரில் படித்தவள். இன்னொரு பக்கம், எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் ஒப்பந்தத்தில் போகிற நர்ஸுக்கே தொகுப்பூதியம் 18,000. நான் இங்கேயே பத்து வருடம் இருந்தாலும் 12,000 தாண்டாது. கூட இருந்த அக்காவுக்கு ஒன்பது வருட சர்வீஸ், 10,500. அம்மாதான் முடிவாகச் சொன்னாள்: "ஏலச்சீட்டை எடுத்துரலாம். ஒரு மாட்டை வித்தா வித்துட்டுப் போறோம்." மாட்டை விற்கவில்லை. சீட்டைத் தள்ளி எடுத்தோம், அதில் 9,000 நஷ்டம்.

இந்த இடத்தில் இரண்டு குழிகள் உண்டு. ஒன்று, 'ஒரு வருட நர்சிங் டிப்ளமோ' என்று ஊருக்கு ஊர் போர்டு மாட்டியிருப்பது. என்னோடு வேலை பார்த்த பெண் 35,000 கட்டிப் படித்தாள். பளபளவென்று சான்றிதழ் கொடுத்தார்கள், அதை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது. ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு) இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று, பி.எஸ்சி. நான்கு. ஒரு வருடத்தில் நர்ஸ் கிடையாது. அவள் இப்போதும் அதே ஆஸ்பத்திரியில் அதே சம்பளத்தில்தான் இருக்கிறாள்.

இரண்டாவது, பெங்களூர் அட்மிஷன் அண்ணன்கள். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருவர் என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினார். வருடத்துக்கு இவ்வளவு, ஹாஸ்டல் இவ்வளவு, 10,000 அட்வான்ஸும் ஒரிஜினல் சான்றிதழ்களும் இன்றைக்கே கொடுத்தால் சீட் உறுதி. காலேஜ் பெயர் என்ன என்றேன். "மூணு காலேஜ் இருக்கும்மா, எதுல சீட் இருக்கோ அதுல போட்டுடலாம்." டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்துவந்தேன். பெங்களூரில் நல்ல காலேஜ்கள் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. பெயரைச் சொல்லாதவரிடம் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். அங்கே படித்தால் கர்நாடகக் கவுன்சிலில் பதிந்து, பிறகு இங்கே மாற்ற வேண்டிய வேலையும் உண்டு.

விண்ணப்பம் ஆன்லைனில், மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வழியாக. பி.எஸ்சி.-க்கும் டி.ஜி.என்.எம்.-க்கும் தனித்தனி விண்ணப்பம். ஒன்று போட்டால் இரண்டுக்கும் சேர்த்து என்று நினைத்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். வயதைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். 17 முடிந்திருக்க வேண்டும், ஜி.என்.எம்.-க்கு கவுன்சில் வைத்திருக்கிற மேல் வரம்பு 35. எனக்கு 22.

என் தலைவலி நேட்டிவிட்டி, தமிழ்நாட்டுக்காரிதான் என்பதற்கான சான்றிதழ். வெளிமாநிலத்தில் படித்த வருடங்கள் இருந்ததால் அது இல்லாமல் முடியாது. இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் போட்டேன், நான்காம் நாள் திரும்பி வந்துவிட்டது. அப்பாவின் ஆதாரில் பெங்களூர் முகவரி, ரேஷன் கார்டில் எங்கள் ஊர். பதினைந்து வருடமாக யாருக்கும் உறுத்தாத விஷயம். ஆதாரை மாற்றி, மறுபடியும் 60 கட்டிப் போட்டு, வி.ஏ.ஓ.-வைப் பார்க்க ஒரு நாள் லீவ் போட்டுப் போனால் அலுவலகம் பூட்டு. தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி, வருடா வருடம் நடக்கிற கிராமக் கணக்குத் தணிக்கை, எல்லா வி.ஏ.ஓ.-வும் கணக்கு நோட்டுகளோடு அங்கே. நானும் அங்கே போனேன். பந்தல், சாமியானா, மனு எழுதித் தருகிறவர்கள், ஜூஸ் வண்டி, திருவிழா மாதிரி இருந்தது. எங்கள் வி.ஏ.ஓ. ஏறிட்டும் பார்க்காமல், "ஜமாபந்தி முடிஞ்சு வாம்மா" என்றார். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

காலேஜ் சேர எண்ணம் இருந்தால் மே மாதத்துக்கு முன்பே சான்றிதழ்களை வாங்கி வையுங்கள். ஜூனில் ஊரே அதற்குத்தான் அலையும், மே, ஜூனில்தான் ஜமாபந்தியும் வரும். எனக்குக் கடைசித் தேதிக்கு முந்தின நாள் ராத்திரி 9.40-க்கு, சான்றிதழ் தயார் என்று எஸ்.எம்.எஸ். வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எச்சில் கையோடு போனைத் திறந்தேன்.

பி.எஸ்சி.-க்கு என் மார்க் அரசுக் கல்லூரிக்கு எட்டவில்லை. டி.ஜி.என்.எம். கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல்களோடு சேர வேண்டும்.

ஒரிஜினல்கள் ஆஸ்பத்திரியில் இருந்தன. வேலையில் சேரும்போதே "நம்பிக்கைக்கு" என்று டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விண்ணப்பத்துக்கு போனில் இருந்த படம் போதுமாக இருந்தது, அதனால் நானும் விட்டுவிட்டேன். பெரிய தப்பு. நர்சிங் படிக்கப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. கணக்கு வழக்கைப் பார்க்கிற மேடம், "சந்தோஷம்மா. ஆள் கிடைக்கிற வரைக்கும் இரு" என்றார். டாக்டர் சாரைக் கேட்டால் மேடத்தைக் கேள் என்றார். மறுநாள் பீரோ சாவி சென்னைக்குப் போயிருந்தது. புதன்கிழமை ராத்திரி நான் அழுததைப் பார்த்து அம்மா மாமாவுக்குப் போன் போட்டாள்.

மாமா மினி டெம்போ ஓட்டுகிறவர். சண்டை போடுவார் என்று பயந்துகொண்டே கூட்டிப்போனேன். அவர் நேராகப் போய் 100 ரூபாய் கொடுத்து ஓ.பி. டோக்கன் போட்டார். பதினான்காம் நம்பர். நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். புதிதாக யார் வந்தாலும், "என்ன காய்ச்சலுங்களா? நான் பாப்பாவோட மார்க் ஷீட் வாங்க வந்தேங்க, தர மாட்டேங்கறாங்க" என்று நிதானமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பதினோராம் நம்பர் உள்ளே போவதற்குள் சென்னைக்குப் போன சாவி வந்துவிட்டது.

கவரைப் பிரித்துப் பார்த்தேன். மார்க் ஷீட்டை இரண்டாக மடித்து, பஞ்ச் செய்து, ஃபைலில் கோத்திருக்கிறார்கள். மடித்து அடித்ததால் நான்கு ஓட்டை. ஒன்று சரியாக உயிரியல் மார்க்கின் கடைசி இலக்கத்தை ஒட்டி.

வெள்ளிக்கிழமை பள்ளி அலுவலகத்தில் கிளார்க் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது என்னம்மா, எலி கடிச்சுதா?" முதல் நாளே நான் படித்த பள்ளிக்குப் போய் ஹெச்.எம்.-மிடம் கையெழுத்தும் சீலும் வாங்கிய நகலை நீட்டினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பேனாவால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "போட்டோ நாலு காப்பி வேணும், ரெண்டுதான் இருக்கு" என்றார். ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் 11 நாள் சம்பளம் வர வேண்டும். யூனிஃபார்ம் காசு பிடித்தது போக மீதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு லோடு இல்லையாம், டோக்கன் போடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.