அப்பாவோட பயாப்ஸி ரிப்போர்ட்

அப்பாவுக்கு 67 வயசு. ப்ராஸ்டேட் சுரப்பிக்குப் பாக்குற ரத்த டெஸ்ட், பிஎஸ்ஏ, 8.4 வந்துச்சு, எம்ஆர்ஐ, அப்புறம் பயாப்ஸி, ப்ராஸ்டேட்ல இருந்து 12 சதைத் துண்டு எடுத்ததுல மூணுல கேன்சர், அது எவ்வளவு மோசமான வகைன்னு சொல்ற க்ளீசன் ஸ்கோர் 3+4. அதிகமா இருக்குற வகை முன்னாடி வரும், 3ஐ விட 4 மோசம். அந்த 4 பத்து சதவீதத்துக்கும் கம்மினு டாக்டர் பேனாவால சுழிச்சுக் காட்டினார். 4+3ஆ இருந்தாலும் கூட்டினா அதே 7தான், ஆனா அதுல மோசமான 4தான் அதிகம், அப்படின்னா இந்தப் பேச்சே வேற மாதிரி போயிருக்கும்.

"உள்ள பாம்ப வச்சுக்கிட்டு எப்படிங்க தூங்குறது, எடுத்துப் போட்டுருங்க"னு அம்மா. அப்பாவுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் மூத்திரம் சொட்டும்ங்கிறதுதான் பயம், ஆண்மைக் குறைவு பத்தி டாக்டர் சொன்னப்ப என் மூஞ்சியப் பாக்காம ஃபேனையே பாத்துட்டு இருந்தார், நானும்தான்.

நைட்டெல்லாம் உக்காந்து படிச்சேன். பிரிட்டன்ல 1,643 பேர வச்சு பண்ண ப்ரோடெக்ட் ஆய்வோட 15 வருஷ ரிசல்ட் 2023ல வந்துருக்கு. ப்ராஸ்டேட் கேன்சரால செத்தது கண்காணிப்புல, அதாவது உடனே ஆபரேஷன், ரேடியேஷன் பண்ணாம டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டே இருந்தவங்கள்ல, 3.1 சதவீதம், ஆபரேஷன்ல 2.2, ரேடியேஷன்ல 2.9. பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா வேற இடத்துக்குப் பரவுனது கண்காணிப்புல 9.4, மத்த ரெண்டுலயும் 5 கிட்டதான். அம்மாகிட்ட இத மறைக்கல. அதுல பெரும்பாலானவங்க லோ ரிஸ்க், அதாவது பரவுற ஆபத்து கம்மியானவங்க, அப்பா மாதிரி ஆளுங்க கம்மி, அதனால அப்படியே எடுத்துக்கவும் முடியல.

இப்போதைக்கு கண்காணிப்புதான், ஆறு மாசத்துக்கு ஒருதடவ பிஎஸ்ஏ, வருஷக் கடைசில மறுபடி எம்ஆர்ஐ, பயாப்ஸி. அம்மா காலண்டர்ல செவப்புல வட்டம் போட்டுட்டாங்க.