கேஷுவாலிட்டில கூட்டம் ஏன் குறையவே மாட்டேங்குது?

சளி காய்ச்சலுக்கெல்லாம் ஜனங்க ஓடி வர்றதாலதான் கேஷுவாலிட்டி நிரம்பி வழியுதுன்னு ரொம்ப பேர் சொல்றாங்க, எங்க ஆளுங்களே சொல்றாங்க. நான் கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஒண்ணுல கேஷுவாலிட்டி ஸ்டாஃப் நர்ஸ். நான் பாத்த வரைக்கும் இது சரியில்ல.

காய்ச்சல்னு வர்றவங்க ஏன் வர்றாங்கன்னு முதல்ல பாருங்க. காலைல ஓபிக்கு வந்தா அன்னிக்குக் கூலி போச்சு, அதனால வேலை முடிச்சு ராத்திரி ஏழு எட்டு மணிக்குப் புள்ளையத் தூக்கிட்டு வர்றாங்க, அந்த நேரத்துல காசில்லாம பாக்குற இடம் அவங்களுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் சாயந்திரம் 4 மணிலருந்து 8 மணி வரைக்கும் திறந்திருக்கும், ஆனா நிறைய பேருக்கு அது இருக்குறதே தெரியல. சரி வந்துட்டாங்க, டாக்டர் பாத்து மாத்திரை குடுத்தா கிளம்பிடுறாங்க, யாரும் பெட்டைப் புடிச்சிட்டு இருக்கிறதில்ல.

தாய் திட்டம்னு நம்ம ஊர்ல கொண்டு வந்த அவசர சிகிச்சை முறைல வாசல்லயே ட்ரையாஜ் பண்ணுவோம், அதாவது யாருக்கு அவசரம் அதிகம்னு பாத்துப் பிரிப்போம், உடனே பாக்கணும்னா சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம்னா மஞ்சள், காத்திருக்கலாம்னா பச்சை. இங்கதான் சண்டையே வரும். கை கிழிஞ்சு ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு பையன் கத்திட்டு இருப்பான், அவனுக்கு மஞ்சள், பின்னாடியே ஒரு அய்யா தானா நடந்து வந்து "லேசா நெஞ்சு கரிக்குதும்மா"ன்னு சொல்வாரு, சட்டையெல்லாம் வேர்வைல நனைஞ்சிருக்கும், அவரை நேரா சிவப்புக்கு அனுப்பிருவோம். பையனோட அம்மா "நாங்க முன்னாடியே வந்தோமே சிஸ்டர்"னு கேப்பாங்க, கேக்கத்தான் செய்வாங்க. ஆனா நெஞ்சு வலிக்கு வந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்தாகணும், பக்கவாதம்னா கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு அறிகுறி ஆரம்பிச்சதுலருந்து நாலரை மணி நேரம்தான், அதுல பாதி நேரம் வண்டிலயே போயிருக்கும். யாரு முதல்ல வந்தாங்கன்னு பாத்தா அந்த அய்யா வரிசையிலயே போயிருவாரு.

ட்ரையாஜ் சரியா நடந்தாலும் மூச்சு முட்டுறது எங்கன்னா, பாத்து முடிச்ச சிவப்பு பேஷன்ட் மேல ஐசியுக்கோ வார்டுக்கோ போறதுக்கு எடம் இல்லாதப்பதான். சாதா வார்டுன்னா கீழ பாய் போட்டாவது எடுத்துப்பாங்க, ஆனா வென்டிலேட்டர்ல இருக்குறவரைப் பாய்ல படுக்க வைக்க முடியுமா? ஐசியுல பெட் காலியாகுற வரைக்கும் அவரு எங்ககிட்டதான், கூடவே ஒரு ஸ்டாஃப் நிக்கணும், அந்த நேரம் பாத்து தாலுக்கா ஆஸ்பத்திரிலருந்து போனே பண்ணாம ரெஃபர் பண்ணின கேஸ் ஒண்ணு வந்து நிக்கும், 108ல வந்தவரை எறக்க ட்ராலி இருக்காது, ட்ராலி இல்லாம வண்டி திரும்பிப் போக முடியாது, அங்க ரோட்டுல யாரோ அந்த வண்டிக்குக் காத்துட்டு இருப்பாங்க. மடை அடைச்சுக் கெடக்குற ஏரிக்கு மழையைத் திட்டி என்ன ஆகப்போகுது.

இது நம்ம ஊர்ப் பிரச்சனை மட்டும் இல்ல. இங்கிலாந்துல நூத்துல 95 பேரை 4 மணி நேரத்துக்குள்ள பாத்து வீட்டுக்கோ வார்டுக்கோ அனுப்பணும்னு விதி, 2015 ஜூலைக்கு அப்புறம் நாடு முழுக்கச் சேத்துப் பாத்தா ஒரு மாசம்கூட அதைத் தொடல. அவ்ளோ செலவு பண்ற ஊர்லயும் வார்டுல பெட் காலியாகாததுதான் பெரிய காரணமாச் சொல்றாங்க.

எங்க ஆஸ்பத்திரில டியூட்டி டாக்டர் ஒருத்தர் ஆரம்பிச்சு வச்ச பழக்கம் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. காலைல ரவுண்ட்ஸுக்கு முன்னாடியே ஒவ்வொரு ஐசியுக்கும் போன் போட்டு, வார்டுக்கு மாத்தக்கூடியவங்க யாரு இருக்காங்கன்னு கேட்டு எழுதி வச்சிருவாரு, மத்தியானத்துக்குள்ள ரெண்டு பெட் கெடச்சாக்கூட ராத்திரி எங்களுக்கு எவ்ளோ நிம்மதின்னு சொல்லி முடியாது. புதுக் கட்டடம், புது மெஷின் எல்லாம் வரட்டும், வேணும்தான். அதுக்கு முன்னாடி இந்த போனை எல்லா ஆஸ்பத்திரிலயும் ஒரு ஆளு தெனமும் பண்ணணும்னு ஆர்டர் போடுங்கன்னு கேக்குறேன்.

அட்டெண்டர்கள், அதாவது பேஷன்ட் கூட வர்றவங்க பத்தியும் சொல்லணும். எங்களை அடிச்சா மூணு வருஷத்துக்குக் கொறையாம ஜெயில்னு 2008லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு. ஆனா சண்டை வர்றதைக் கொறைக்கிறது வேற, அரை மணிக்கொரு தடவை வெளிய போய் "அண்ணே, சிடி ஸ்கேன் எடுத்தாச்சு, ரிப்போர்ட் வரணும், இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்"னு சொல்றதுதான். ஒண்ணுமே தெரியாம கதவைப் பாத்துட்டே நிக்கிறவங்களுக்குத்தான் கோவம் வருது, அந்தக் கோவத்துல தப்பு சொல்ல மாட்டேன். இதுக்குன்னு ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் தனியா ஒரு ஆள் வேணும், இப்போ ஊசி போடுற நாங்களேதான் ஓடி ஓடிச் சொல்றோம்.

படிக்கிற உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க வீட்டு ஆளை நாளைக்கு டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டாங்கன்னா, வண்டி, துணிமணி, கூட்டிட்டுப் போற ஆளு எல்லாத்தையும் காலைலயே ரெடி பண்ணி வச்சிருங்க, சாயந்திரம் மச்சான் வந்து கூட்டிட்டுப் போவாருன்னு உக்காந்திருக்காதீங்க. அந்த பெட்டுக்கு ஐசியுலருந்து ஒருத்தர் எறங்குவாரு, அவரு எடத்துக்கு எங்க ட்ராலில கெடக்குறவரு மேல போவாரு.