கெய்ரோவில் ஒரு வக்காலத்துத் தாளின் தடம்

தஹ்ரீர் சதுக்கத்துக்கு அடியில் இருக்கும் சதாத் நிலையத்தில், ஹெல்வான் பக்கம் போகும் முதல் தட மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிறுத்தமே ஸாத் ஸக்லூல். பிரிட்டிஷாரிடம் எகிப்தின் விடுதலையைக் கேட்ட தலைவரின் பெயர் அது. நடுப்பெட்டிகள் இரண்டும் பெண்களுக்கானவை. ஆண்கள் ஓரப்பெட்டி பார்த்து ஏறுங்கள். மேலே வந்து வழி கேட்கும்போது வெறுமனே 'ஸக்லூல்' என்றால் கல்லறையைக் காட்டிவிடலாம். அவர் வாழ்ந்த வீட்டுக்கு 'பைத் அல்உம்மா' என்று கேட்க வேண்டும். தேசத்தின் வீடு என்று பொருள்.

1918 நவம்பர் 13-ல் ஸக்லூலும் இன்னும் இருவரும் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் விங்கேட்டைப் பார்த்து எகிப்தின் விடுதலையைக் கேட்டார்கள். எகிப்துக்காகப் பேச நீங்கள் யார் என்ற கேள்வி வந்தது. ஸக்லூல் தேர்தலில் வென்று சட்டசபைத் துணைத்தலைவரானவர்தான். ஆனால் அந்தச் சபையை முதல் உலகப் போர் முடக்கிவிட்டிருந்தது.

அப்போது பிறந்ததுதான் 'தவ்கீல்' என்ற அதிகாரம் தரும் தாள். நம் வக்கீல், வக்காலத்து எல்லாம் இதே வேர்ச்சொல்லில் இருந்து வந்தவை. தாளின் சாரம் இதுதான்: கீழே கையெழுத்திட்ட நாங்கள் இன்னின்னாரை எங்கள் சார்பில் நியமிக்கிறோம், அமைதியான, சட்டப்படியான வழியில் முழு விடுதலைக்கு அவர்கள் முயலட்டும். அதுவரை ஜனங்கள் ஆள்பவரின் 'ரஅய்யா' (குடிகள்), அதாவது நம் ரயத்துவாரியில் வரும் அதே ரயத்து. கையெழுத்துப் போட்டதும் கட்சிக்காரர் ஆனார்கள். தமிழில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் இரண்டு அர்த்தமும் இங்கே பொருந்தும்: 'வஃப்து' என்ற அந்தத் தூதுக்குழுதான் பிறகு கட்சியானது.

தாள் ஊர் ஊராகப் போனதும் உள்துறை பறிமுதலில் இறங்கியது. 1919 மார்ச் 8-ல் ஸக்லூலைப் பிடித்து மால்ட்டாவுக்கு அனுப்பினார்கள். மறுநாளே மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 16-ம் தேதி பெண்கள் ஊர்வலம்.

தலஅத் ஹர்ப் தெருவின் கஃபே ரிஷ்ஷையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 1919-ல் துண்டறிக்கை அடித்ததாகச் சொல்லப்படும் அச்சு இயந்திரம் அதன் நிலவறையில் இருக்கிறது. கீழே இறங்க அனுமதி கேட்டுத்தான் ஆகவேண்டும்.

2013-ல் 'தமர்ருத்' இயக்கமும் தாளோடுதான் கிளம்பியது: பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. அப்போதைய அதிபர் முர்ஸி மேல் நம்பிக்கை இல்லை, முன்கூட்டியே தேர்தல் வேண்டும் என்றது அந்தத் தாள். யாருக்கு வக்காலத்து என்ற இடம் மட்டும் அதில் இல்லை. அந்த வெற்றிடத்தில் ராணுவம் வந்து உட்கார்ந்தது.

ஸக்லூலின் கல்லறை அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே. ஃபாரோ காலத்துக் கோயில் சாயலில் கட்டியதால் பழங்காலச் சின்னம் என்று ஏமாந்துபோவது சுலபம். 1927-ல் இறந்த ஸக்லூலின் உடல் 1936-ல்தான் இங்கே வந்தது. அதற்கு முன் கொஞ்ச காலம் அரசர்களின் மம்மிகளை இதற்குள் வைத்திருந்தார்கள்.