பெட்ரோல் காசு

ஆகஸ்ட் 17, 2025, ஞாயிறு

ஆடி போய் ஆவணி பிறந்துவிட்டது. மகளுக்கு ஸ்கூட்டர் வாங்குவதை "ஆடி முடியட்டும்" என்று இனிமேல் தள்ளிப் போட முடியாது. காலையில் சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்காரரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி விலை, ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், ஹெல்மெட் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே தொகை போட்டார். எல்லாம் தன் பொறுப்பு என்றார். கடைசியாகப் பெட்ரோல் என்று எழுதினார். அதற்கு நேரே எதுவும் போடாமல் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

லட்ச ரூபாய்க்கு மேல் ஆகிற வண்டியை யோசிக்காமல் வாங்கித் தருகிறவருக்கு அந்த ஒரு வரியில் மட்டும் கை ஏன் நின்றது?

ஆகஸ்ட் 18

மகளுக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வந்துவிட்டது. டெஸ்டுக்கு இன்னும் 30 நாள் இருக்கிறது. சித்தியின் பழைய ஸ்கூட்டியில் 'எட்டு' போட்டுப் பழகலாம் என்கிறாள்.

ஆகஸ்ட் 21

ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருவெறும்பூரிலிருந்து அவள் கல்லூரி 13 கி.மீ. போக வர 26. மாதம் 24 நாள் என்றால் 600 சொச்சம். லிட்டருக்கு 45 கொடுத்தால் 14 லிட்டர். பெட்ரோல் நூறைத் தாண்டிவிட்ட நிலையில் 1,400 ரூபாய். காற்று, பஞ்சர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 1,700 என்று வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரி அவரிடம் காட்டினேன். "பஸ் ஓசிதானே, அப்புறம் எதுக்கு இந்தச் செலவு?" என்றார்.

அந்த பஸ்ஸை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2021 மே மாதத்திலிருந்து நான் வேலைக்குப் போவது அதில்தான். பெரியவனின் கடைசி வருட ஃபீஸில் அந்த மிச்சமும் இருக்கிறது. ஆனால் திருச்சியில் டவுன் பஸ் என்றால் பாதிக்கு மேல் தனியார் பஸ். காலை எட்டு மணிக்கு நிறுத்தத்தில் நின்றால் அடுத்தடுத்து வருவதெல்லாம் டிக்கெட் எடுக்க வேண்டிய பஸ்கள். ஓசி பஸ்ஸுக்குக் காத்திருந்தால் முதல் பீரியட் போய்விடும். லேப் இருக்கிற நாளில் ஐந்தரைக்குக் கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தில் ஏறி, இங்கே இறங்கி, விளக்கில்லாத சந்துக்குள் நடந்து வருகிறாள். காசில்லாமல் வருவது உண்மைதான். அவள் வீட்டுக்குள் நுழையும்போது முகத்தைப் பார்க்கிறவள் நான்.

ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி

கொழுந்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் பையனுக்குப் பதினாறு வயது. 125 சி.சி. ஸ்கூட்டரை அவன்தான் ஓட்டி வந்தான். பின்னால் அவன் தங்கை. இரண்டு தலையிலும் ஹெல்மெட் இல்லை. "சூப்பரா ஓட்டுறான் அண்ணி" என்று அவருக்கு ஒரே பெருமை.

கொழுக்கட்டையை வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். பதினாறு வயதில் லைசென்ஸ் கொடுப்பது கியர் இல்லாத 50 சி.சி. வரைக்கும்தான். ஷோரூமில் நிற்கும் ஸ்கூட்டரெல்லாம் 110, 125. இவன் மாட்டினால் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை ஜெயில், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடையாது. 2019-இல் வந்த சட்டம். கொழுந்தனார் சிரித்தார். இவர் எதுவும் பேசவில்லை.

அந்தப் பையனுக்கு வாரம் 300 ரூபாய் பெட்ரோலுக்குக் கொடுக்கிறார்களாம். எங்கே போனாய் என்று யாரும் கேட்பதில்லையாம். சட்டப்படி வண்டியைத் தொடவே கூடாத பிள்ளைக்கு அப்படி. பதினெட்டு முடிந்து, எல்.எல்.ஆர். எடுத்து, முறையாகக் காத்திருக்கிறவளின் காசுதான் எங்கள் வீட்டில் பேச்சுப் பொருள்.

செப்டம்பர் 4

ஜி.எஸ்.டி. குறைகிறது. 350 சி.சி. வரை இரு சக்கர வாகனங்களுக்கு 28-இலிருந்து 18 சதவீதம், 22-ஆம் தேதி முதல். ஏழாயிரம் போல மிச்சமாகும் என்று ஷோரூமில் சொன்னார்களாம். அவருக்கு நல்ல சந்தோஷம். "ஆயுத பூஜைக்கு எடுத்துடலாம்" என்றார்.

அந்த ஏழாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், ஐந்து மாதப் பெட்ரோல் ஆயிற்று என்றேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

செப்டம்பர் 5

இன்று அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 9

புதுமைப் பெண் திட்டப் பணம் ஆயிரம் அவள் கணக்கில் ஏறியிருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் கல்லூரி முடியும்வரை மாதாமாதம் வரும்.

சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள். "அப்பா, பெட்ரோலுக்கு நான் இந்த ஆயிரத்தை வச்சுக்கிறேன். மிச்சம் நானூறுதான். நீங்க சண்டை போடாதீங்க." அவர் உடனே தலையாட்டினார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பணத்தில்தான் ரெக்கார்டு நோட்டு, கால்குலேட்டர், போன செமஸ்டரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எல்லாம். இந்த வீட்டில் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் அவள் செலவழிக்கிற ஒரே காசு அது. அரசாங்கம் அவள் படிப்புக்காக அவள் பெயரில் போடுகிறது. அதை டேங்கில் ஊற்ற வைத்துவிட்டு, வண்டி நாங்கள் வாங்கித் தந்தது என்று ஊரில் சொல்லிக்கொள்வதா? படுத்த பிறகும் மனசு ஆறவில்லை. எழுந்து வந்து எழுதுகிறேன்.

பிள்ளை தன் செலவின் பாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பார்கள். சரிதான். சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு முழுவதும் அவளே பார்த்துக்கொள்ளட்டும். இப்போது அவள் போவது படிக்க. பஸ் டிக்கெட்டுக்குக் கொடுக்க மாட்டோமா? ஸ்கூல் வேனுக்குப் பெரியவனுக்குப் பத்து வருடம் கட்டவில்லையா? காலில் சக்கரம் வந்ததும் அது மட்டும் எப்படி அவள் சொந்தச் செலவாகிவிடும்?

செப்டம்பர் 13, சனி

வண்டி யார் பெயரில்? பேச்சு இன்று அங்கே போய் நின்றது.

தன் பெயரில் என்கிறார் அவர். காசு போடுகிறவர் பெயரில்தானே வரும் என்கிறார். ஓசூரிலிருந்து பெரியவன் போனில் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. புது வண்டிக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். 75-க்கு மேல் 150 சி.சி. வரைக்கும் 3,851 ரூபாய், வரி தனி. அது அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்குத்தான். ஓட்டுகிறவருக்கு அதில் ஒன்றுமில்லை. வண்டிக்குச் சொந்தக்காரருக்குத் தனியாக 15 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு உண்டு. அது சொந்தக்காரர் ஓட்டினால்தான், அவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான். அப்பா பெயரில் வண்டி இருந்து மகள் ஓட்டினால் அந்த 15 லட்சம் அவளைச் சேராது.

ஃபேக்டரி விட்டு அவர் வந்ததும் இதை நிதானமாகச் சொன்னேன். அந்தப் பேச்சையே எடுக்காதே என்று கையைக் காட்டினார். காப்பீட்டைப் பற்றிப் பேசினாலே விபத்தைக் கூப்பிடுவது போல அவருக்கு. நானும் விடவில்லை. தினமும் ஓட்டப் போகிறவள் பெயரில்தான் வண்டி இருக்க வேண்டும். அவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது.

பதில் வரவில்லை. கதவைச் சாத்தாமல் போய்ப் படுத்தார். அது பாதிச் சம்மதம்.

செப்டம்பர் 19

பாஸ்! கால் ஊன்றாமல் எட்டு போட்டிருக்கிறாள். கார்டு தபாலில்தான் வருமாம், நேரில் தருவதில்லை.

செப்டம்பர் 23

தபால்காரர் வந்தார். கேஸ் கம்பெனிக் கடிதம்.

செப்டம்பர் 26

இன்னும் வரவில்லை. போனில் டிஜிலாக்கரில் தெரிகிறது என்று காட்டுகிறாள். அவருக்குக் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் நம்பிக்கை. அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறாள்.

பெரியவனுக்கு 2021-இல் பைக் எடுத்தபோது எந்த வரியிலும் கை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐநூறு ரூபாய்த் தாள் அவன் சட்டைப் பையில் போகும். கொல்லிமலைக்குப் போனான், ஏற்காட்டுக்குப் போனான். திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். நான் அதைத் தப்பென்று சொல்லவில்லை. அதே அளவை இவளுக்கும் கேட்கிறேன்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

வண்டி வந்துவிட்டது. அவள் பெயரில்! ரெஜிஸ்ட்ரேஷன் தாளை அவரே என் கையில் கொடுத்தார். மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, காயைத் தெருவிலிருந்து ஓரமாக அள்ளிப் போட்டோம். (வழுக்கி யாராவது விழுந்துவிடக் கூடாது. வருடா வருடம் இதைச் சொல்கிறேன், தெருவில் யாரும் கேட்பதில்லை.) ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது. வாரைக் கழுத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தேன், நன்றாகவே பிடிக்கிறது. முதல் பெட்ரோல் அவர் போட்டார், டேங்க் நிறைய. பூஜையில் அவர் கண் கலங்கியதை அவள் கவனிக்கவில்லை.

அக்டோபர் 6

சாவி மாட்டுகிற ஆணியில் ஒரு சின்ன நோட்டு. நூல் கட்டித் தொங்க விட்டிருக்கிறார். தேதி, கிளம்பும்போது கிலோமீட்டர், திரும்பும்போது கிலோமீட்டர், எங்கே. பெட்ரோல் காசு தருவாராம், நோட்டைப் பார்த்து.

இதற்காகத்தான் அன்றைக்குத் தொகை போடாமல் பேனாவை மூடினார்.

அக்டோபர் 7

நேற்று 26. இன்று 31. ஐந்து கிலோமீட்டர் எங்கே என்று கேட்டார். தோழியை வீட்டில் இறக்கிவிட்டு வந்தாளாம். கேட்டவர் கோபப்படவில்லை. அவள்தான் சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 8

நோட்டு இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

அவள் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். கேட்டுவிட்டேன்.

"ஏங்க, பெரியவனுக்கு நோட்டு போட்டீங்களா?"

வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு ரோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை பதினான்கரை கி.மீ. தஞ்சாவூர் நெடுஞ்சாலை, சர்வீஸ் ரோடு கிடையாது. எத்தனையோ வருடமாகக் கேட்டும் வரவில்லை. பஸ்ஸும் லாரியும் போகிற அதே ரோட்டில் ஸ்கூட்டரும் சைக்கிளும். எதிர்த் திசையில் வருகிறவர்கள் வேறு. ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் என்னவெல்லாம் பார்த்திருக்கிறேன் தெரியுமா என்றார். விவரமாகச் சொல்லவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால் அவள் அந்த ரோட்டைத் தவிர வேறெங்கும் போகவில்லை என்று தெரியுமாம். அது தெரிந்தால் தூக்கம் வருமாம்.

அவர் கஞ்சத்தனத்தில் அதைக் கட்டித் தொங்க விடவில்லை, பயம். இது தெரிந்த பிறகு அவர் மேல் கோபப்பட முடியவில்லை. ஆனாலும் நோட்டை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஐந்து கிலோமீட்டருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் நாளைக்குத் தோழியை நடுவழியில் விட்டுவிட்டு வருவாள். அல்லது நோட்டில் வேறு எதையாவது எழுதுவாள். மறைக்கப் பழகிவிட்டால், டயர் தேய்ந்ததையும் லாரி உரசியதையும்கூட நம்மிடம் சொல்ல மாட்டாள். எனக்கு அதுதான் பெரிய பயம், அந்த ரோட்டைவிட. இதையும் அவரிடம் சொன்னேன்.

பயத்துக்குச் செலவு செய்வதென்றால் உருப்படியாகச் செய்வோம் என்றேன். இன்சூரன்ஸ் ஒரு நாள்கூட விட்டுப் போகக் கூடாது. தேய்ந்த டயரை ஓட்ட விடக் கூடாது. பிரேக்கை மாதாமாதம் பார்க்க வேண்டும். பின்னால் உட்காருகிற தோழிக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கித் தருவோம். இதற்கெல்லாம் ஆகிற காசு நம்முடையது, பேச்சே இல்லை. பெட்ரோல் இனிமேல் என் சம்பளத்திலிருந்து. ஒன்றாம் தேதி 1,500 அவள் கையில். எதற்கு, எங்கே என்று நான் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்கக் கூடாது. லேட்டாகும் என்றால் ஒரு போன் மட்டும் பண்ணட்டும், பெரியவனுக்கும் அந்த ஒரு கண்டிப்புதானே இருந்தது.

"உன் சம்பளம் என்ன, என் சம்பளம் என்ன" என்றார். சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை.

அக்டோபர் 13

நோட்டில் அவள் எதுவும் எழுதவில்லை. நான்தான் எழுத வேண்டாம் என்றேன். அவர் பார்த்தார். எடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

அக்டோபர் 17

வடகிழக்கு மழை ஆரம்பித்துவிட்டது. இந்த ஈரத்தில் அந்த நெடுஞ்சாலை. இன்று பஸ்ஸில் போகச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் போனாள். பஸ்ஸும் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது. எந்த நாளில் எது என்று அவளே தீர்மானிக்கப் பழகட்டும். நாளாக ஆக அவள் தீர்மானிக்கட்டும். இந்த வாரம் மட்டும் நான்.

தீபாவளிக்கு முன்பே மழை பிடித்துவிட்டதே என்று தெருவெல்லாம் இதே பேச்சு.

அக்டோபர் 20, தீபாவளி

பெரியவன் வந்திருக்கிறான். தங்கையிடம் வண்டியை வாங்கி ஓட்டிப் பார்த்தான். பெட்ரோல் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். நோட்டைப் பார்த்து "இது என்னப்பா?" என்றான். அவர் பட்டாசுப் பையைத் தேடப் போய்விட்டார்.

அக்டோபர் 24

முதல் சர்வீஸ் நாளைக்கு. லேபர் இலவசம், ஆயிலுக்கு மட்டும் காசு. அவர் காலையில் என்னிடம் வந்து, சர்வீஸ்காரரிடம் பின் பிரேக்கை இறுக்கச் சொல், வலது கண்ணாடி தளர்ந்திருக்கிறது, அதையும் பார்க்கச் சொல் என்று ஒரு பட்டியலே சொன்னார். ஆயில் காசையும் கொடுத்தார். பெட்ரோலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்கான ஹெல்மெட் இன்னும் வாங்கவில்லை, நாளை சர்வீஸுக்கு விட்டுவிட்டு அப்படியே வாங்கி வர வேண்டும்.